நைஜீரியாவில் 52 நாள்: 7வது பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கதை

பேசியது 7,200 டாலர். கைக்கு வந்தது 2,900. திரும்பி வரும் டிக்கெட்டும் என் செலவு. இத்தனைக்கும் யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. எல்லாம் நான் கையெழுத்துப் போட்ட ஆறு பக்க ஒப்பந்தத் தாளிலேயே இருந்தது.

எனக்குக் கோவை. பி.எல்.சி. (ஆலை மெஷின்களை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) புரோகிராமிங், மெஷினை நிறுவி ஓட்டிக் கொடுக்கும் கமிஷனிங் வேலை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸராகப் பதினோரு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். டாக்கா, நைரோபி, சோஹார் என்று 20 நாள், 40 நாள் வேலைகள். இது மாதிரி வேலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. நிரந்தர வேலைக்குப் போகிறவர்களை ஏமாற்றும் விதம் வேறு, அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2023 ஏப்ரலில் துபாயில் இருக்கும் ஓர் இடைத்தரகர் கூப்பிட்டார். தமிழர். பேச்சு முழுக்க "தம்பி, தம்பி"தான். லாகோஸுக்கு வெளியே ஓகுன் மாநிலத்தில் ஓட்டா என்ற ஊர், அங்கே ஒரு தண்ணீர் பாட்டில் ஆலை. பழைய லைனை எங்கிருந்தோ செகண்ட் ஹேண்டில் வாங்கி இறக்கியிருக்கிறார்கள், கன்ட்ரோல் பேனலை மாற்றி ஓட்டிக் கொடுக்க வேண்டும். 45 நாள், நாளுக்கு 160 டாலர், 20 சதவீதம் அட்வான்ஸ். தங்குமிடம், சாப்பாடு அவர்கள் பொறுப்பு.

அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்றார். அம்மாவுக்கு வெளிநாடு என்றாலே மொசூல்தான். 2014இல் ஈராக்கில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளிகள் உயிரோடு இல்லை என்று 2018இல்தான் அரசாங்கம் உறுதியாகச் சொன்னது. அந்தச் செய்தி ஓடிய நாளில் அம்மா சாப்பிடவில்லை. பஸ்ராவில் இரண்டு மடங்குக் கூலிக்கு வந்த ஒரு வேலையை அதனாலேயே விட்டேன். லாகோஸ் அப்படி இல்லை, ஆலைக்குள்ளேயேதான் இருப்பேன் என்று சமாதானம் சொன்னேன். அது உண்மையும்கூட. 52 நாளில் துப்பாக்கியைப் பார்த்தது கேட் காவலில் இருந்த போலீஸ்காரர் தோளில் மட்டும்தான்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 7வது பிரிவு சொன்னது இது: நாள் கூலி 160 அமெரிக்க டாலர். அட்வான்ஸ் டாலரில். மீதி, கையெழுத்தான தேதியில் நைஜீரிய மத்திய வங்கி அறிவித்த விலைப்படி அந்த ஊர்ப் பணமான நைராவில்.

நான் 160 டாலர் என்பதை மட்டும் படித்தேன். பக்கத்தில் நைரா என்று இருந்ததைப் பார்த்தேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. எந்த நாணயத்தில் கொடுத்தாலும் மதிப்பு ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

மதிப்பு ஒன்று இல்லை. அப்போது மத்திய வங்கிக் கணக்கில் ஒரு டாலருக்கு 460 நைரா. கடைத்தெருவில் 740 போலக் கொடுத்தால்தான் டாலர் கிடைக்கும். வங்கி விலைக்கு டாலர் வாங்கலாம் என்பது காகிதத்தில் மட்டும்தான், வெளியூர்க்காரன் போய்க் கேட்டால் கிடைக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 டாலரை 460ஆல் பெருக்கினால் 73,600 நைரா. அதை 740 விலையில் திரும்ப டாலராக்கினால் 100க்கும் கீழே. அதாவது கோவையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அன்றைக்கே என் கூலி 160 இல்லை, 99. இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் அந்த வரியை எழுதியிருக்க முடியாது.

அடுத்தது விசா. "பிசினஸ் விசா போதும் தம்பி, நம்ம ஆளுங்க எல்லாரும் அதுலதான் வர்றாங்க" என்றார் இடைத்தரகர். குறுகிய கால வேலைக்கென்றே அங்கே டி.டபிள்யூ.பி. என்று ஒரு தற்காலிக வேலை அனுமதி உண்டு. மெஷின் நிறுவ, ஓட்டிக் கொடுக்க வருகிறவர்களுக்கானது. ஆலை அபுஜாவில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், செலவு ஆகும், நாளும் ஆகும். பிசினஸ் விசாவில் மீட்டிங் போடலாம், பேனலில் கை வைக்கக் கூடாது. எனக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். அரைகுறையாகத் தெரியும். அட்வான்ஸ் 1,440 டாலர் ஒழுங்காக வங்கிக்கு வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அது செல்லுபடியாக வேண்டிய பத்து நாளும் முடிந்து, மே 27 அன்று இறங்கினேன். ஒரு வழி டிக்கெட். "ரிட்டர்ன் வேலை முடியற தேதி பாத்துப் போட்டுக்கலாம்."

இறங்கிய இரண்டாவது நாளே "ரெகுலரைஸ் பண்ணணும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். பிசினஸ் விசாவில் ரெகுலரைஸ் பண்ண என்ன இருக்கிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மே 29 அன்று புது அதிபர் டினுபு பதவியேற்பு உரையிலேயே பெட்ரோல் மானியம் இனி இல்லை என்று சொன்னார். சாயங்காலமே பெட்ரோல் பங்க்குகளில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. 200 நைராவுக்குள் இருந்த லிட்டர் இரண்டே நாளில் 500 ஆனது. ஆலையில் பாதிப் பேர் வேலைக்கு வர முடியவில்லை, பஸ் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. கரண்ட் வந்தால் "அப் நேப்பா!" (நேப்பா என்பது அங்கே பழைய மின்வாரியத்தின் பெயர்) என்று ஒரு கூச்சல் எழும், நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேனலுக்கு ஓடுவேன். 45 நாள் வேலை 52 நாள் இழுத்தது இதனால்தான். அந்த ஏழு நாளுக்குக் காசு கிடையாது. "கரண்ட் இல்லாததுக்கு நாங்க என்ன பண்ண முடியும் தம்பி?"

ஜூன் 14 அன்று மத்திய வங்கி நைராவைச் சந்தை விலைக்கு விட்டது. சில வாரங்களில் வங்கி விலையே 750ஐத் தொட்டது. எனக்கு முதலில் சந்தோஷம். வங்கி விலையும் தெரு விலையும் ஒன்றாகிவிட்டதே, இனி என் 160 டாலருக்கு முழு நைரா வருமே என்று. அன்று இரவு கொசுவலைக்குள் உட்கார்ந்து 7வது பிரிவை மறுபடி படித்தேன். பணம் கொடுக்கும் தேதி இல்லை, "கையெழுத்தான தேதி". 460 என்று ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

இமிக்ரேஷன்காரர்கள் வந்த நாளையும் சொல்ல வேண்டும். காலை பதினொரு மணி. கேட்டிலிருந்து சூப்பர்வைசருக்கு ஃபோன். அடுத்த நிமிடம் என்னை பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல் அடுக்கிய ஸ்டோருக்குள் தள்ளி வெளியே பூட்டினார்கள். தகரக் கூரை. மூச்சு முட்டும் சூடு, புது பிளாஸ்டிக் வாடை. நாற்பது நிமிடம் இருந்திருப்பேன். கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு கை அரை லிட்டர் தண்ணீர் பாக்கெட்டை உள்ளே தள்ளியது. என்னோடு வேலை செய்த உள்ளூர் எலக்ட்ரீஷியன் பையன். "நோ வஹாலா, ஓகா" என்றான் மெதுவாக. பிரச்சினை இல்லை முதலாளி என்று அர்த்தம். நான் முதலாளி இல்லை, 42 வயதில் ஸ்டோர் ரூமில் ஒளிந்திருக்கிற ஆள். மாட்டியிருந்தால் நாடு கடத்தியிருப்பார்கள். அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் இருந்தார், யோருபாக்காரர், கறாரானவர். பாக்கிப் பணத்தைப் பற்றி அவரிடம் கேட்டபோது அவர்தான் குழம்பிப் போனார். என் தலைக்கு நாளுக்கு 350 டாலர், டாலராகவே, துபாய் கணக்குக்கு ஏற்கெனவே போய்விட்டதாம். ஆலை என்னை ஏமாற்றவே இல்லை. டாலரில் வாங்கி, லாகோஸ் தெருவில் மலிவாக நைராவாக்கி, அதையும் பழைய வங்கி விலைக்கு எனக்குக் கொடுக்கிறவர் நம்ம அண்ணன்.

லைன் ஓடியதும் சண்டை போட்டேன். ஹேண்டோவர் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பாஸ்போர்ட் என்றார்கள், அதுவும் துபாய் உத்தரவாம். தெரிந்த ஒருவர் சொல்லி, இந்தியத் தூதரகத்தின் லாகோஸ் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். தனியார் ஒப்பந்தப் பணத்தில் தலையிட முடியாது, பாஸ்போர்ட் வேறு விஷயம் என்றார்கள். ஆலைக்கு அவர்களிடமிருந்து ஒரு ஃபோன் போனது. மறுநாள் பாஸ்போர்ட் என் மேஜையில் இருந்தது. முதல் வாரமே கூப்பிட்டிருக்கலாம்.

பி.எல்.சி.யில் ஒரு டைமர் லாக் வைத்துவிட்டு வா, ஒரு மாதம் கழித்து லைன் நிற்கட்டும், பணம் தானாக வரும் என்று ஒரு நண்பன் வாட்ஸ்அப்பில் சொன்னான். நம் துறையில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யவில்லை. நின்றால் நிற்கப்போவது அந்த எலக்ட்ரீஷியன் பையனின் வேலை, துபாய்க்காரருடையது இல்லை. அது குற்றமும்கூட.

கடைசியில் ஒரு பேரம். 12 லட்சம் நைரா ரொக்கம், மீதிக்கு 2,400 டாலர் நான் ஊர் போனதும் வங்கி வழியாக. 1,000 நைராத் தாளில் பன்னிரண்டு கட்டு. ஒப்பந்தக் கணக்கில் அது 2,600 டாலர், மாற்றியபோது கிடைத்தது 1,460. அந்தக் கட்டுகளோடு கோவைக்கு வந்திருந்தால் அதுவும் இல்லை, இங்கே நைராவை வாங்குகிற நாணய மாற்றுக் கடையைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

ஊர் வந்து மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். "ஸ்விஃப்ட் காப்பி, தம்பி. பணம் போட்டாச்சு." அப்போது எம்டி 103 என்பார்கள், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்கான வங்கித் தாள். என் பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் சரி. நான்கு நாள் காத்திருந்தேன். பிறகு வங்கிக் கிளைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி தாளைப் பார்த்த உடனே 32ஏ என்ற கட்டத்தில் விரலை வைத்தார். 230806 என்று இருந்தது. "சார், இது பணம் போய்ச் சேர வேண்டிய தேதி. ஆகஸ்ட் 6 ஞாயித்துக்கிழமை சார், டாலர் அன்னிக்கு எப்படிப் போகும்?" அப்புறம் யூ.இ.டி.ஆர். எண்ணைப் போட்டுத் தேடினார். எந்த ஸ்விஃப்ட் பணத்துக்கும் 36 எழுத்தில் அப்படி ஒரு எண் இருக்கும், அதை வைத்து வங்கி தேடலாம். அப்படி ஒரு பரிமாற்றமே இல்லை. மூன்று நிமிட வேலை. நான் ரசீதைப் பார்த்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன்.

துபாய்க்காரரைக் கேட்டதற்கு "பேங்க்ல ஏதோ டெக்னிக்கல் இஷ்யூ" என்றார். அப்புறம் ஃபோன் எடுப்பதில்லை. ஒப்பந்தத்தில் தகராறு என்றால் துபாய் நீதிமன்றம் என்று இருக்கிறது. 2,400 டாலருக்கு அங்கே வக்கீல் வைத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இமிக்ரேட் போர்ட்டலில் புகார் செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். வேலைக்குப் போகும் முன் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் 18 நாடுகளில் ஈராக், லிபியா, யேமன் எல்லாம் உண்டு, நைஜீரியா கிடையாது. தவிர நான் போனது பிசினஸ் விசாவில். அரசாங்கத்தின் பார்வையில் நான் வேலைக்கே போகவில்லை.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம், போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கமிஷனிங், காங்கோ தலைநகர் கின்ஷாசாவில் 30 நாள், நாளுக்கு 180 டாலர், பிசினஸ் விசா. ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன். வேறு பெயரில் ஒரு கம்பெனி, ஆனால் அதே ஆறு பக்கம். 7வது பிரிவில் நைரா என்ற இடத்தில் காங்கோ ஃபிராங்க் என்று மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். காங்கோவில் கடைத்தெருவிலேயே டாலர் ஓடுகிறது, அங்கே போய் எதற்கு ஃபிராங்க்?

அவனை ஒரே ஒரு கேள்வி அனுப்பச் சொன்னேன்: "முழுப் பணமும் டாலரில், என் இந்திய வங்கிக் கணக்குக்கு, பாதி நான் விமானம் ஏறும் முன்பே. சம்மதமா அண்ணே?" நீல டிக் விழுந்து ஆறு நாள் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை.