எஃப்டிஏ அட்டை: ஐஸ் வேண்டாம், ஈரம் ஆகாது

மாட்டு ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறவர்கள் ஐஸ் பெட்டியை விட்டுவிட்டு ரத்தத்தைத் தாளில் காயவைத்து அனுப்பும் வாட்மேன் நிறுவன எஃப்டிஏ அட்டைக்கு மாறலாமா? தாராளமாக மாறலாம். ஆனால் காயவைக்கப் பொறுமை இருக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு காங்கேயம் காளையிடம் டியூபில் ரத்தம் எடுத்தால், ஆய்வகம் போய்ச் சேரும்வரை அது குளிரிலேயே இருந்தாக வேண்டும். வழியில் ஐஸ் கரைந்தால் செல்கள் உடைய ஆரம்பிக்கும், உள்ளேயிருந்து வரும் நொதிகள் டிஎன்ஏவை நறுக்கிவிடும். அட்டையில் இந்தத் தொல்லை இல்லை. பார்த்தால் தடித்த வடிகட்டித் தாள்தான், நான்கு வட்டம், வட்டத்துக்கு அதிகபட்சம் 125 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் மூன்று சொட்டு. தாளில் ஏற்றியிருக்கும் ரசாயனம் ரத்தம் பட்டதுமே செல்லை உடைத்து, நொதிகளைச் செயலிழக்க வைத்து, அவற்றுக்குத் தேவையான மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்டால் சாதாரணத் தபால் உறையிலேயே போகலாம்.

அந்த "நன்றாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காங்கேயம் பக்கத்து வறண்ட காற்றில் நிழலில் வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், அதே அட்டையை ஐப்பசி மழையில் உம்பளச்சேரி மாட்டுக்காக டெல்டாவுக்கு எடுத்துப் போனால் நாள் முழுக்கத் தொட்டால் பிசுபிசுக்கும். அவசரப்பட்டு ஜிப் கவரில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏவும் மெல்ல மெல்ல உடையும். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் பிடிப்பதும் தப்பு, சூட்டில் ரத்தத்தின் நிறமி தாளோடு ஒட்டிக்கொண்டு பின்னால் பிசிஆரை, அதாவது டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் சோதனையைத் தடுக்கும். வெயிலிலும் போடாதீர்கள், புற ஊதாக் கதிர் டிஎன்ஏவையே கெடுக்கும். மின்விசிறிக் காற்று, நிழல், அப்புறம் கவருக்குள் ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிக்கா பொட்டலம், இது போதும்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கெட்ட மாதிரியில் முடிவே வராமல் போனால் பரவாயில்லை, இன்னொரு முறை ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். பயப்பட வேண்டியது தப்பான முடிவு சரியானது போலவே வந்து நிற்பதற்குத்தான். ஏ1, ஏ2 பால் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா கேசீன் என்ற பால் புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தைத்தான் பார்க்கிறார்கள். டிஎன்ஏ சிதைந்து மிச்சம் கொஞ்சமே இருந்தால் தாய், தந்தை வழி வந்த இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பெருகக்கூடும், ஏ1ஏ2 காளை ஏ2ஏ2 என்று காகிதத்தில் வந்துவிடும். அந்தக் காளையை நம்பி இனவிருத்தி செய்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? அதனால் வந்த அட்டையின் நிலையையும் குறித்துவைக்கிற ஆய்வகமாகப் பார்த்து அனுப்புங்கள்.

குறைகளும் உண்டு. சாதாரண வடிகட்டித் தாளோடு ஒப்பிட்டால் விலை அதிகம். துளைத்தெடுக்கும் சின்ன வில்லையில் கிடைக்கும் டிஎன்ஏ ஒரு சில பிசிஆருக்குத்தான் சரி, முழு மரபணுத்தொகுதியைப் படிக்கப் போகிறவர்கள் டியூபோடும் ஐஸோடும் போவதே நல்லது. துளைக்கும் கருவியில் முந்தைய மாட்டின் துணுக்கு ஒட்டியிருந்தால் அடுத்த மாட்டின் முடிவும் குழம்பும், ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவே வெற்றுத் தாளைச் சில முறை துளைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இரட்டைக் கன்றாகப் பிறந்த மாட்டுக்கு மட்டும் இந்த அட்டையில் ரத்தம் வைக்காதீர்கள். பெரும்பாலும் கருப்பையிலேயே இரண்டின் ரத்தமும் கலந்திருக்கும், வால் முடியை வேரோடு பிடுங்கி அனுப்புங்கள்.