நாகர்கோவிலில் ஓசிடி பார்த்து ஸ்டென்ட் வைத்தோம்

அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த இதயக் குழாயைப் பலூனால் விரித்து, கம்பி வலையான ஸ்டென்ட் வைப்பது) என்றதும் சொந்தக்காரர்கள், "திருவனந்தபுரம் கொண்டு போயிருங்க" என்றார்கள். எங்கள் குலசேகரம் பக்கம் எப்போதும் வரும் பதில் அதுதான். நாங்கள் நாகர்கோவிலிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே கேத் லேபில், அதாவது இந்தச் சிகிச்சை செய்யும் அறையில், ஓசிடி (இதயக் குழாயின் உட்சுவரை ஒளியால் படம் எடுக்கும் கருவி) இருந்ததுதான் காரணம்.

வழக்கமான எக்ஸ்ரே படமான ஆஞ்சியோகிராமில் தெரிவது இதயக் குழாய்க்குள் ஓடும் சாயமருந்தின் நிழல். எங்கே சுருங்கியிருக்கிறது என்று தெரியும். அடைத்திருப்பது கொழுப்பா கால்சியமா, எவ்வளவு தடிமன் என்பது சரியாகப் பிடிபடாது. ஓசிடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழலை இதயக் குழாய்க்குள் விடுகிறார்கள். அதற்குள் ஒரு கண்ணாடி இழை. அகச்சிவப்பு ஒளியைப் பக்கவாட்டில் அடித்தபடி அது சுழன்றுகொண்டே பின்னால் வரும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளிதான் படம். ரத்தம் ஒளியைச் சிதறடித்துவிடும் என்பதால், அந்தச் சில நொடிகள் மட்டும் சாயமருந்தைச் செலுத்தி ரத்தத்தை விலக்குகிறார்கள். 10 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவு நுணுக்கம் வரை தெரிகிறது. ஒலி அலையில் பார்க்கும் வழக்கமான ஐவஸில் அது சுமார் 100 மைக்ரான்.

முடிந்த பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டிய மாதிரி வட்டம், அடுக்கு அடுக்காக. ஒரு பக்கம் விளிம்பு தெளிவான கருமையான திட்டு, அதுதான் கால்சியம். அதைச் சிறப்பு பலூனால் உடைத்துவிட்டுத்தான் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வைத்த பின் எடுத்த படத்தில் ஸ்டென்ட் கம்பிகள் பளிச்சென்ற புள்ளிகளாக, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிழலோடு தெரிந்தன. ஓரிடத்தில் புள்ளிகள் சுவரைத் தொடவில்லை. ஆஞ்சியோவில் அதே இடம் நன்றாகத்தான் இருந்தது! மறுபடி பலூன் ஊதி, அடுத்த படத்தில் இடைவெளி போனதைக் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு படத்துக்கே கொடுத்த காசு தகும்.

"உள்ள வெளக்கு போட்டா பாத்தாவ மக்ளே?" என்று அப்பா கேட்டார். ஆமாம் அப்பா, வெளக்கு போட்டுத்தான்.

குறை, பணம்தான். அந்தக் குழல் ஒருமுறை மட்டுமே பயன்படுவது, விலை அதிகம். எங்கள் காப்பீட்டுத் தொகுப்பில் அது வராது என்று பில் போடும்போதுதான் சொன்னார்கள். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் நகை அடகு வைக்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் சாயமருந்து சிறுநீரகத்துக்குச் சுமை என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்த அப்பாவுக்கு அதை அளந்து கொடுத்ததையும் ட்ரிப்ஸ் போட்டுக் கவனித்ததையும் மனதாரப் பாராட்டுகிறேன்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. இடது முதன்மைக் குழாயின் வாயிலேயே அடைப்பு என்றால் ஐவஸ்தான் வசதி. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் அப்படியே. சிக்கலான அடைப்புகளில் இப்படி உள்ளே பார்த்துச் செய்வதை ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024 வழிகாட்டுதலில் வலுவாகப் பரிந்துரைத்திருக்கிறது. அதனால் ஸ்டென்ட் என்று சொன்னதும் ஓசிடி, ஐவஸ் இரண்டில் எது இருக்கிறது, கட்டணம் தனியா என்று கேளுங்கள். அப்புறம், படப்பதிவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.