திகில் படத்துக்கு இருவராகப் போவதென்றால் ஹட்டனா, கண்டியா?

குடும்பப் படத்தை எங்கே பார்த்தாலும் ஒன்றுதான். கொலையும் துப்பறிதலுமாக ஓடும் படத்துக்குக் கணவனும் மனைவியுமாகப் போவதென்றால் இடம் பார்த்துத்தான் போக வேண்டும். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரர்களுக்கு வழி இரண்டு. நகரத்துப் பழைய படமாளிகையில் மாலைக் காட்சி. இல்லாவிட்டால் சுமார் 70 கிலோமீற்றர் இறங்கிக் கண்டி. வீட்டில் போனில் பார்ப்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுச் சோறு வடிக்கப் போகும் படத்தில் என்ன திகில்?

கண்டியின் பலம் ஒலி. சிட்டி சென்டர் கடைத்தொகுதி போன்ற இடத்து அரங்கில் உட்கார்ந்தால், பூட்டில் சாவி திரும்பும் ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதே சொல்லிவிடும். நம் ஊர்த் தகரக் கூரையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், சாகப்போகிறவன் முணுமுணுக்கும் பெயர் ஒருவருக்கும் கேட்காது. "யார் பெயரைச் சொன்னான்?" என்று பல்கனி முழுக்க விசாரணை நடக்கும், அதற்குள் அடுத்த கொலை விழுந்துவிடும். குளிரூட்டியைக் கண்டிக்குச் சாதகமாகச் சொல்வார்கள். 1,200 மீற்றருக்கு மேலிருந்து சுவெட்டரோடு இறங்கி வருகிறவர்களுக்கு அது ஒரு சலுகையா?

ஆனால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. இரவுக் காட்சி பார்த்தால் அன்றைக்கே திரும்ப முடியாது. சொந்தக்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும். அங்கே பெண்களுக்கு ஒரு அறை, ஆண்களுக்கு விறாந்தை. இருவராகப் போனதன் பயன் அதோடு முடிந்தது.

ஹட்டன் படமாளிகையில் கூட்டமும் சேர்ந்து நடிக்கும். "அந்தக் கதவைத் திறக்காதே" என்று கதாநாயகிக்கு முன்வரிசை புத்தி சொல்லும். இடைவேளையில் தேங்காய்ச் சொட்டும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை வரும். சுற்றியிருக்கும் தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி. சிவப்பு மையில் பிழை போட்ட பெருக்கலைப் பார்த்துக்கொண்டே, கொலையாளி யார் என்று நானும் வீட்டுக்காரரும் பந்தயம் கட்டுவோம். எனக்குப் படத்தின் பாதி ருசி அந்தப் பந்தயத்தில்தான். காலைக்காட்சி பார்த்துவிட்டு மறுபடி வந்து, பின்னால் உட்கார்ந்து முடிவைச் சொல்லும் புண்ணியவான்தான் ஒரே தொல்லை. 1960இல் திகில் பட இயக்குநர் ஹிட்ச்கொக் தம் 'சைக்கோ' படம் தொடங்கிய பிறகு எவரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்றும் விளம்பரம் செய்தார். பல்கனியில் அவரையே காவலுக்கு வைத்தாலும் நம் ஆட்களை அடக்க முடியாது.

என் ஓட்டு ஹட்டனுக்கே. ஒலியை நம்பியே எடுத்த படமென்று தெரிந்தால் மட்டும் கண்டியில் பகல் காட்சி பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் பஸ் ஏறுங்கள். ஹட்டனிலும் ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். படம் விடும் நேரத்தில் தோட்டத்துப் பஸ் இருக்காது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கழிப்பறை வெளியே இருப்பவர்கள் டோர்ச்சையும் மறக்க வேண்டாம். எவ்வளவு தைரியசாலியானாலும் அன்றிரவு துணைக்கு ஆள் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் கூப்பிடுவது நானல்ல.