செல்லைப் படமெடுக்க எது: எஸ்.இ.எம்.மா, ஹீலியம் அயனி நுண்ணோக்கியா?

செல்லின் மேற்பரப்பை நுணுக்கமாகப் பார்க்க வழக்கமான ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி (எஸ்.இ.எம்.) போதுமா, எலக்ட்ரானுக்குப் பதில் ஹீலியம் அயனிக் கற்றையால் படமெடுக்கும் கருவியைத் தேடி அலையணுமா? ஆராய்ச்சி மாணவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

தெளிவு
எஸ்.இ.எம்.: நல்ல கருவியில் சுமார் 1 நானோமீட்டர் அளவு நுணுக்கம் வரை பிரித்துக் காட்டும்.
ஹீலியம்: சுமார் 0.5 நானோமீட்டர். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

பூச்சு
உண்மையான வித்தியாசம் இங்கேதான். காய்ந்த செல் மின்சாரத்தைக் கடத்தாது, எலக்ட்ரான் கற்றை படப்பட மின்னூட்டம் தேங்கிப் படம் கெட்டுவிடும், அதனால் எஸ்.இ.எம்.முக்குத் தங்கமோ பிளாட்டினமோ சில நானோமீட்டர் பூசுவார்கள், நீங்கள் தேடிய நுண்துளை அந்தப் பூச்சுக்கடியிலேயே புதைந்துபோகலாம். ஹீலியத்தில் சேர்வது நேர்மின்னூட்டம். மெதுவான எலக்ட்ரான்களைத் தூவினால் சமன்படும், பூச்சே தேவையில்லை.

குவிய ஆழம்
ஹீலியம் கற்றை குறுகலானது, மைக்ரோவில்லையின் (செல்லின் மேல் விரல் போல நீட்டி நிற்கும் நுண்புடைப்புகள்) நுனியும் அடியும் ஒரே படத்தில் தெளிவாக விழும். எஸ்.இ.எம். கொஞ்சம் பின்தங்கும்.

தயாரிப்பு
இரண்டிலும் அதே பாடுதான்: பதப்படுத்தி, எத்தனாலில் நீர் நீக்கி, உலர்த்தணும். உயிருள்ள செல்லைப் பார்க்கும் கனவு வேண்டாம்.

தனிமங்கள்
மாதிரியில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்பதை எஸ்.இ.எம்.மில், அதிலிருந்து வெளிவரும் எக்ஸ் கதிர் கொண்டு கண்டறியலாம். ஹீலியத்தில் அந்த வழி இல்லை.

செலவு
எஸ்.இ.எம். பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஹீலியம் கருவி அரிது, விலையும் அதிகம், போதாக்குறைக்கு அயனிகள் கிளம்பும், மூன்றே அணுக்கள் கொண்ட அதன் ஊசிமுனையை அவ்வப்போது மறுபடி உருவாக்கணும்.

சரி, செல்லின் வடிவம் பார்க்க, நிறைய மாதிரிகளை ஒப்பிட எஸ்.இ.எம்.மே போதும். சவ்வின் நுண்துளைகளோ பாக்டீரியா மேல் ஒட்டிய வைரஸோ வேண்டுமென்றால் ஹீலியத்துக்கு வரிசையில் நில்லுங்கள்.