ரெடிமேட் காம்பவுண்ட் சுவர்: கொல்லைப்புற மறைப்புக்குக் கான்ட்ராக்ட் விடலாமா?

விடலாம். கல் சுவர் எழும்ப வாரக்கணக்கில் ஆகிற இடத்தில், யார்டில் வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் தூணும் பலகையுமாகச் சில நாளில் ஆறடி மறைப்பு நின்றுவிடும். ஆனால் இந்த வேலையில் ஏமாற்று நடப்பதெல்லாம் மண்ணுக்கடியில்தான்.

40க்கு 60 மனையை எடுத்துக்கொள்வோம். கேட்டுக்கு 12 அடி போனால் சுவர் 188 அடி. ஏழடிக்கு ஒரு தூண் வீதம், மூலைகளைச் சேர்த்து 29 தூண் வரும். ஆறடி உயரத்துக்குத் தூண் எட்டடி இருக்க வேண்டும். இரண்டடி குழிக்குள் போகும். ஒன்றரை அடி சதுரக் குழியில் முழுக்கக் கான்கிரீட் போட்டால், 1:2:4 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி) 29 குழிக்கும் சேர்த்துச் சுமார் 22 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். எட்டு மூட்டையோடு ஆட்கள் வந்து இறங்கினால் விஷயம் புரிந்துவிடும்: குழியில் தோண்டிய மண்ணையே தள்ளி, மேலே அரையடிக்கு மட்டும் கலவை போட்டு மூடப்போகிறார்கள். அப்படி நட்ட தூண் முதல் மழைக்காலத்திலேயே சாயும். கரிசல் மண்ணில் இன்னும் மோசம். ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடித்து, தூணை அசைத்துக்கொண்டே இருக்கும். அங்கே குழி இன்னும் ஆழமாகப் போக வேண்டும். குழி தோண்டும் நாளும் கலவை போடும் நாளும் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் யார்டுக்குப் போய் உடைந்த பலகை ஒன்றைப் பாருங்கள், எப்படியும் ஓரமாகக் கிடக்கும். உடைந்த வாயில் கம்பி எத்தனை ஓடுகிறது, ஓரத்தை ஒட்டி ஓடுகிறதா நடுவில் ஓடுகிறதா என்று தெரியும். நகத்தால் சுரண்டினால் மணல் உதிர்கிற பலகைக்குத் தண்ணீர் சரியாகக் காட்டவில்லை என்று அர்த்தம். வார்த்துக் குறைந்தது ஏழு நாள் நனைக்காத பலகை லாரி குலுக்கலிலேயே விரிசல் விடும்.

ரேட் சதுர அடிக்குப் பேசுவார்கள். மண்ணுக்கு மேலே தெரியும் உயரமா, தூணின் முழு உயரமா என்று எழுதி வாங்குங்கள். ஆறடிக்கு 1,128 சதுர அடி வருவது, எட்டடி என்று கணக்குப் போட்டால் 1,504 ஆகிவிடும். இறக்குகூலி, பலகை இடுக்குப் பூச்சு, மூலைத் தூண் எல்லாம் அந்த ரேட்டிலேயே சேர்த்தியா என்றும் கேளுங்கள். இடுக்கைப் பூசாவிட்டால் காற்றில் பலகை கடகடக்கும், இடைவெளியில் பக்கத்து வீடு தெரியும். மறைப்புக்காகக் கட்டியதே வீண்.

நூல் கட்டும் முன் சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைப் பார்த்துவிடுங்கள். தூண்களின் இடைவெளி பிசகாமல் இருக்க, குழியில் கலவை போட்ட அன்றைக்கே அடிப்பலகையை மட்டும் சொருகலாம். மற்றதெல்லாம் கான்கிரீட் இறுகி மூன்று நாள் கழித்து. அவசரப்பட்டு ஆறு பலகையையும் அன்றே ஏற்றினால் தூண் தூக்குக்குண்டுக்கு நிற்காது.

இது மண்ணைத் தாங்கும் சுவர் அல்ல. பக்கத்து மனை இரண்டடி மேடாக இருந்தால், அல்லது நாளைக்கு மண் கொட்டி உயர்த்துவார்கள் என்று தெரிந்தால், அந்தப் பக்கம் மட்டுமாவது கருங்கல் சுவருக்குப் போய்விடுங்கள். கடைசி கால் பங்குப் பணத்தை இடுக்குப் பூச்சு முடிந்து, ஒவ்வொரு தூணையும் கையால் தள்ளிப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.