உறையா, காப்ஸ்யூலா, ஸ்லாபா: நவீன நாணயங்களைக் கறையிலிருந்து காப்பது எது?

சேகரிப்புக்கென்றே தனிக் கவனத்தோடு அச்சடிக்கப்படும் ப்ரூஃப் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் முதல் புள்ளியைப் பார்த்தவுடன் காற்றின் மேல் பழி போடுவது சேகரிப்பாளர்களின் வழக்கம். ஆனால் கறைகளில் சில நாணயச்சாலையிலேயே உலோகத்தோடு சேர்ந்து வந்தவை, சில நம் கையாலும் வாயாலும் விழுந்தவை, மீதிதான் வைத்திருந்த இடத்தில் வளர்ந்தவை. எந்த உறை நல்லது என்ற கேள்வி இந்த மூன்றாவது வகைக்கு மட்டுமே பொருந்தும்.

விலை மலிவானது மென்மையான பி.வி.சி. உறை. வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்க்கப்படும் பொருள்கள் நாளடைவில் கசிந்து நாணயத்தின் மேல் படிகின்றன. பிளாஸ்டிக் சிதையும்போது வெளிப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உலோகத்தை அரிக்கத் தொடங்குகிறது. பல ஆண்டுகள் அப்படி ஓர் உறையில் கிடந்த வெள்ளி நாணயத்தை நான் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, எழுத்துகளின் ஓரங்களில் மட்டும் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பான படலம் ஒட்டியிருந்தது. அசிட்டோனில் ஊறவைத்ததும் படலம் கரைந்துவிட்டது. ஆனால் அது அரித்த இடங்களில் பளபளப்பு திரும்பவே இல்லை. எனவே இந்த உறையை ஒப்பீட்டிலிருந்தே விலக்கிவிடலாம். அதற்கு மாற்றான மைலார் என்ற பாலியெஸ்டர் படல உறை வேதியியல் ரீதியில் தீங்கற்றது. எனினும் விறைப்பானது என்பதால், நாணயத்தைச் செருகும்போதும் எடுக்கும்போதும் நுண்ணிய கீறல்கள் விழக்கூடும். புழங்கிய நாணயத்துக்கு அது போதும், ப்ரூஃபுக்குப் போதாது.

கெட்டியான அக்ரிலிக் காப்ஸ்யூல் நாணயத்தின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்வதால், முகப்புப் பரப்பை எதுவும் தொடுவதில்லை. அதன் குறை, முழுமையாகக் காற்றுப் புகாததாக அது இல்லை என்பதே. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நாணயத்தை அடைத்துத் தரும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியான ஸ்லாபும் அப்படித்தான் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். கீறலுக்கும் கைரேகைக்கும் ஸ்லாப் நல்ல அரண். ஆனால் காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு மெல்ல உள்ளே நுழைவதை அது தாமதப்படுத்துமே தவிரத் தடுத்துவிடாது. வெள்ளி மஞ்சளாகி, பிறகு செம்மையும் நீலமும் ஏறி, கடைசியில் கறுப்பது அந்த வாயுவோடு சேர்ந்து உருவாகும் சல்ஃபைடு படலம் தடிப்பதால்தான். கறை தடுப்பு என்ற ஒரே நோக்கத்துக்காக ஸ்லாபுக்குச் செலவழிப்பது வீண் என்பேன். தரச்சான்று வேண்டுமென்றால் அது வேறு விஷயம்.

சிலிக்கா ஜெல்லையும் கந்தகம் உறிஞ்சும் காகிதத்தையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எண்ணுவோர் உண்டு. முன்னது ஈரத்தை மட்டும் இழுக்கிறது. செம்பு நாணயங்களில் களிம்பும் கரும்புள்ளிகளும் பரவுவதற்கு ஈரமே பெரிதும் துணைபோவதால், அங்கே அதுதான் முதலில் வேண்டும். வெள்ளிக்கோ காகிதமே முக்கியம். அதைக் காப்ஸ்யூலோடு மூடிய பெட்டியில் வைத்து, உறிஞ்சும் திறன் தீரும் முன் மாற்ற வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ரப்பர் வளையமோ சாதாரண அட்டையோ இருக்கக் கூடாது. இரண்டிலிருந்தும் கந்தகம் வெளிப்படலாம். நாணயத்தின் மேல் குனிந்து பேசுவதும் தவறு: கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி சில மாதங்களில் புள்ளியாகிவிடும்.

இவை எவற்றுக்கும் கட்டுப்படாதது தூய வெள்ளி நாணயங்களில் தோன்றும் வெண்மையான பால்புள்ளி. அச்சடிக்கும் முன் வெற்று நாணயத் தகடுகளைக் கழுவிச் சூடாக்கும் கட்டத்தில் தங்கிவிடும் வேதிப்பொருளே அதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆகவே தடுக்க வேண்டிய இடமும் நாணயச்சாலைதான். கனடா அரச நாணயச்சாலை 2018இல் தன் வெள்ளி மேப்பிள் லீஃப் நாணயங்களுக்கு மின்ட்ஷீல்ட் என்ற மேற்பரப்புப் பாதுகாப்பை அறிமுகப்படுத்தியது இதற்காகவே. அத்தகைய பாதுகாப்பு இல்லாத நாணயத்தை ஸ்லாபில் அடைத்தாலும் பால்புள்ளி உள்ளேயே முளைக்கலாம். அதைப் போக்க அசிட்டோன் உதவாது. அமிலக் கரைசலில் முக்கி எடுத்தால் பெரும்பாலும் புள்ளி அப்படியே நிற்கும், சுற்றியுள்ள மினுக்கம்தான் போகும்.