ஆண்ட்ராய்டு போன் வச்சிருக்கவங்க கிம்பல் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

கிம்பல்னா, நடந்துக்கிட்டே எடுத்தாலும் வீடியோ ஆடாம போனைப் பிடிச்சுக்கிற மோட்டார் வச்ச கைப்பிடி. அதுக்குக் கொடுத்தது 8,499 ரூபாய். உழைச்சு சம்பாதிச்ச காசு. வயிறு எரியுது.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கேமரா சாமான் விக்கிற கடை ஒண்ணு. வளைகாப்பு, நிச்சயதார்த்தம்னு ரீல்ஸ் எடுத்துத் தர்றவன் நான். கேட்டதே ரெண்டு விஷயம்தான்: ஆள் நகர்ந்தா கிம்பல் தானா முகத்தைத் தொடரணும், 4கே தரத்துல நொடிக்கு 60 ஃப்ரேம் எடுக்கணும். கவுண்டர்ல இருந்த தம்பி தன்னோட ஐபோனை மாட்டி, கடைக்குள்ளேயே நடந்து எடுத்துக் காட்டினார். துளி ஆட்டம் இல்ல. என் போனைக் காட்டி, "தம்பி, இது ஆண்ட்ராய்டு. இதுலயும் இப்படியே வருமா?"ன்னு கேட்டேன். "எல்லாம் ஒரே ஆப்தாண்ணே, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க. எதுன்னாலும் நான் இருக்கேன்ல"ன்னார். அந்த "நான் இருக்கேன்"ல போனதுதான் 8,499.

வீட்டுக்கு வந்து தேடினா கிம்பலோட ஆப் ப்ளே ஸ்டோர்லயே இல்ல. பெட்டி மேல இருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, ஏபிகே ஃபைலை (ப்ளே ஸ்டோர் இல்லாம நேரா போடுற ஆப் ஃபைல்) இறக்கி, போன் "ஆபத்து"ன்னு கத்துறதையும் மீறிப் போடணும். போட்டேன். 4கே 30-ஓட நிக்குது, 60-ங்கிற பேச்சே இல்ல. அல்ட்ராவைடு லென்ஸ் வரல. டிராக்கிங்கைத் தொட்டா கட்டம் முகத்துல ஒரு நொடி உக்காருது, அப்புறம் பின்னாடி இருக்கிற காலண்டர் மேல போய் ஒட்டிக்குது. போனோட சொந்தக் கேமராவுல 60 வரும், ஆனா டிராக்கிங் வராது. ஏன்னா முகத்தைக் கண்டுபிடிக்கிறது ஆப்தான், கிம்பல் இல்ல. அங்க ப்ளூடூத்ல ரெக்கார்ட் பட்டன் மட்டும் வேலை செய்யும். ஆட்டத்தை அடக்குறதுல குறை சொல்ல மாட்டேன். அதுக்கு மட்டும்னா நான் ஏன் இவ்வளவு கொடுக்கப் போறேன்?

திரும்பக் கடைக்குப் போனா அதே தம்பி, "உங்க போன்லதாண்ணே ப்ராப்ளம்". அப்புறம் "அடுத்த அப்டேட்ல வந்துடும்". ஓனர் தலையே நிமிரல. "சீல் உடைச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது. வேணும்னா அதே மாடல்ல வேற பீஸ் தர்றேன்." அதே மாடலை வாங்கி நான் என்ன பண்ண? கம்பெனிக்கு மெயில் போட்டா, நம்ம போன் அவங்க பட்டியல்ல இல்லையாம். பெட்டியில அப்படி எந்தப் பட்டியலும் இல்ல, "ஆண்ட்ராய்டு 8.0-க்கு மேல்"னுதான் போட்டிருக்கு. என்னோடது 14. கடைத் தம்பிக்கு வாட்ஸ்அப்ல போட்டா இப்போ நீல டிக் மட்டும்தான் விழுது.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கோவத்துல ஒண்ணும் ஓடல. உங்க போனை மாட்டி, கடையிலேயே ஆப்பைப் போட்டுப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. அவங்க ஐபோன்ல காட்டுறதை நம்பாதீங்க. டிராக்கிங்குக்குத் தனி சென்சார் வச்ச கிம்பல் இருக்கு, அதுக்கு ஆப் வேண்டாம், விலை கூட. பில் இல்லாம வாங்காதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்தாச்சு. கடைப் பேரை இப்போ கேக்காதீங்க, முதல்ல என் 8,499 வரட்டும்.